பொது உண்டியலும் பங்காளி நாடுகளும்

நண்பர்களே,

2009 மே மாதம் ஆஸ்திரியாவின் அறிவியல் அமைச்சர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ஜெனீவா அருகே பல நாடுகள் சேர்ந்து நடத்தும் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து தன் நாடு விலகப்போகிறது என்றார். சரியாக ஐம்பது ஆண்டு உறவு அது. வெளிநாட்டு ஆய்வு அமைப்புகளுக்கு நாங்கள் கட்டும் சந்தாவில் ஏறக்குறைய 70 சதவீதத்தை இது ஒன்றே விழுங்குகிறது, அந்தப் பணம் மிஞ்சினால் வேறு பல திட்டங்களில் சேரலாம் என்பது அவர் வாதம். இயற்பியலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டு வாரம் முடிவதற்குள் நாட்டின் சான்சலரே தலையிட்டு, விலகல் கிடையாது என்று அறிவித்தார்.

அந்த அமைச்சரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. "நாம் போட்டது எவ்வளவு, நமக்கு வந்தது எவ்வளவு?" பொது உண்டியலில் காசு போடும் எந்த நாடும் இதைக் கேட்கத்தான் செய்யும். அதற்குப் பதில் சொல்லும் விதி முதல் நாளிலேயே எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் விஷயம்.

செர்ன் ஒப்பந்தத்தில் 1953-ல் பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்டன. எட்டு ஆண்டுகளுக்கு முன்புவரை ஒருவர் ஊரை ஒருவர் குண்டு போட்டுத் தகர்த்த நாடுகளும் அந்தப் பன்னிரண்டில் உண்டு. அவர்கள் நட்பை நம்பி உட்காரவில்லை. நாட்டு வருமானத்துக்கு ஏற்ப சந்தா. ஆனால் எவ்வளவு கட்டினாலும் ஒரு நாட்டுக்கு ஒரே ஓட்டு. ராணுவ வேலை கூடாது, முடிவுகளை ஒளிக்கக் கூடாது. இன்னொரு ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஆட்சிமன்றத்துக்கு ஒவ்வொரு நாடும் இரண்டு பேரை அனுப்பும். ஒருவர் அரசாங்கத்தின் ஆள், மற்றவர் அந்நாட்டு அறிவியலுக்காகப் பேசுபவர். காசு கொடுப்பவரும் அதைக் கேட்பவரும் ஒரே நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார வேண்டும். ஊருக்குத் திரும்பி ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவது கொஞ்சம் கஷ்டம்.

ஐரோப்பிய விண்வெளி முகமை வேறு வழி பிடித்தது. ஒரு நாடு போட்ட பணத்துக்கு ஏறத்தாழ ஈடான ஒப்பந்தங்கள் அந்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கே போக வேண்டும். நிதியமைச்சர்களுக்கு இது இனிக்கும். யார் நன்றாகச் செய்வார்கள் என்பதோடு யார் முறை என்பதையும் பார்க்க வேண்டிவரும், அதுதான் அதன் விலை.

2007-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு மன்றம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தை ஆய்வாளர்களுக்கு மானியமாகக் கொடுக்கும் அமைப்பு, இதற்கு நேர் எதிர். நாட்டுக்கு ஒதுக்கீடு கிடையாது. கேள்வி நல்லதா, ஆள் கெட்டிக்காரரா, அவ்வளவே. மானியம் ஆய்வாளரோடு நடக்கும்; நிறுவனம் மாறினால் பணமும் கூட வரும். பலன்? பணம் ஏற்கெனவே வசதியான பல்கலைக்கழகங்களில் போய்க் குவிகிறது, கிழக்கு ஐரோப்பா முணுமுணுக்கிறது. அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. கெட்டிக்காரத்தனம் வளரவும் முதலில் ஒரு நல்ல ஆய்வுக்கூடம் வேண்டுமே!

விதி சரியாக இருந்தாலும் அரசியல் குறுக்கே வரும். 2014-ல் சுவிஸ் மக்கள் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த வாக்களித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தோடு உறவு கசந்தது, அடி விழுந்தது ஆய்வுக்கூடத்தில். அந்த ஆண்டு அந்நாட்டு ஆய்வாளர்களுக்கு இந்த மன்றத்தின் கதவு சில மாதம் மூடியிருந்தது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பின் அங்கே இருந்தபடி மானியம் வென்றவர்களுக்கும் 2022-ல் அதே கதி: தகுதியுள்ள நாட்டுக்கு மாறுங்கள், இல்லையேல் மானியம் போகும். தங்கியவர்களுக்கு பிரிட்டன் அரசே ஈடு கொடுத்தது. சிலர் பெட்டியைக் கட்டினார்கள். கோப்பில் இது ஒரு வரி. ஆய்வுக்கூடத்தில் அது பாதியில் நிற்கும் சோதனை, மாணவரின் விசா, பிள்ளையின் பள்ளிக்கூடம்.

இதையெல்லாம்விடப் பெரிய பங்காளிச் சண்டைக்கு நடுவில் ஜோர்டானில் ஓர் ஆய்வகம் நிற்கிறது, செசமி என்று பெயர். ஈரான், இஸ்ரேல், பாலஸ்தீனம், பாகிஸ்தான், துருக்கி, சைப்ரஸ், எகிப்து, ஜோர்டான் அதன் உறுப்பினர்கள். பெர்லினில் ஓய்வுபெற்ற ஒரு முடுக்கியின் (துகள்களை மிக வேகமாக ஓடவிடும் இயந்திரம்) பாகங்களை வைத்துத் தொடங்கி, 2017-ல் திறந்தார்கள். பொருளாதாரத் தடைகளால் ஈரானின் சந்தா வந்து சேர்வதே பாடாக இருந்தது. பகையை எப்படியோ சமாளித்தவர்களை மிரட்டியது மின்கட்டண ரசீது. முடுக்கி குடிக்கும் மின்சாரம் அப்படி. ஜோர்டானிலோ மின்சாரம் விலை அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் ஜோர்டான் அரசு வழியாகக் கொடுத்த பணத்தில் 6.5 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழும்பியது. 2019 முதல் ஈரானும் இஸ்ரேலும் சேர்ந்து பங்கு போட்ட அந்த முடுக்கி வெயிலை நம்பி ஓடுகிறது.