மூடிவிட்டுத் தூங்குங்கள்

உதகை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்.

காலண்டரிலும் வீட்டுச் சுவரிலும் நாம் அடிக்கடி பார்க்கிற ஒரு வேத வசனம் உண்டு. ‘அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.’ பேதுருவின் முதலாம் நிருபம், 5ஆம் அதிகாரம், 7ஆம் வசனம். அதற்கு முந்தின 6ஆம் வசனத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. ‘அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்’ என்பது அது. பேதுரு இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். ஜெபக்கூட்டங்களில் நான் எப்போதும் சொல்வது இதுதான்: அடங்காமல் கவலையை இறக்கிவைக்க முடியாது. எல்லாம் என்னால்தான் நடக்கிறது என்று நினைக்கிறவருக்குத் தூக்கம் எப்படி வரும்?

என் பாட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் மேகம் இல்லாமல், காற்றும் அசையாமல் இருந்தால் ராத்திரி உறைபனி கொட்டும், ஓடைப் பக்கத்துப் பள்ளத்தில்தான் முதலில் கொட்டும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. எங்கள் நாற்றங்கால் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது. பாட்டி இருட்டுவதற்குள் கோத்தகிரி மிலார் என்கிற செடியை வெட்டிவந்து, ஒரு நாற்றும் வெளியே தெரியாதபடி மூடுவார். ஓரங்களைக் குனிந்து கையால் தடவிப் பார்ப்பார். அப்புறம் ‘ஆண்டவரே, இனிமேல் உம்முடைய பாடு’ என்று ஒரே வரி ஜெபம். கதவைத் தாழ் போட்டால் விடியும்வரை திறக்கமாட்டார்.

என் மாமாவுக்கு அது முடியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் மிலாரைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். பாட்டி உள்ளே இருந்தே குரல் கொடுப்பார்: ‘திறந்து திறந்து பாத்தா உள்ள இருக்கிற கொஞ்சநஞ்ச சூடும் போயிரும். நீ வந்து படுடா.’

பாட்டி சோம்பேறி இல்லை என்பதைக் கவனியுங்கள். செய்ய வேண்டியதை முழுவதும் செய்துவிட்டுத்தான் படுத்தார். விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள் பூவாளியோடு போய்த் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பதும் அவர்தான். இடையில் இருந்த ராத்திரி மட்டும் அவருடையது இல்லை. ஒரு வருஷம் அத்தனை நாற்றும் கருகிப்போனது. நம்பினால் பனி கொட்டாது என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. அன்றைக்குப் பாட்டி அழுதார். மறுநாள் விதை வாங்கக் கிளம்பினார்.

நம் வீடுகளில் இப்போது நாற்றங்காலுக்குப் பதில் பிள்ளைகள். வேலைக்குக் கோயம்புத்தூர் போகிற மகனுக்கு, மலைப்பாதையில் பர்லியாறு தாண்டுவதற்குள் எத்தனை தடவை போன் செய்கிறோம்! சிக்னல் போய்விட்டால் மனம் பதறுகிறது. அம்மாவின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் போன் செய்வதால் பஸ் பத்திரமாக இறங்குவதில்லை. கவலைப்படுகிறதினாலே எவன் தன் சரீர அளவோடு ஒரு முழத்தைக் கூட்டுவான் என்று ஆண்டவர் கேட்டது இதைத்தான்.

நம் மலையில் உள்ள கேத்தியில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் ஊழியர்கள் 1846இல் வேலை தொடங்கினார்கள். இந்த மலையில் வாழும் படுகர் மக்களிடையே முதல் ஞானஸ்நானம் 1858இல்தான் நடந்தது. அத்தனை வருஷம் கையில் காட்ட ஒன்றும் இல்லாமல் உழைத்தவர்களை நினைத்தால், மாற்கு 4ஆம் அதிகாரத்து விதைக்கிறவன் ஞாபகத்துக்கு வருகிறான். அவன் இரவில் தூங்கி, பகலில் விழித்திருக்க, ‘அவனுக்குத் தெரியாத விதமாய்’ விதை முளைக்கிறது. அவனுக்குத் தெரியாத விதமாய், அதைத்தான் நம்மால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தைப் பற்றி அதிகம் பேச நினைத்திருந்தேன். சரி, லூக்கா 22ஆம் அதிகாரத்தை வீட்டில் படியுங்கள். இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று இயேசு முதலில் கேட்டார், அதற்குப் பிறகுதான் ‘உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது’ என்றார். ஆகவே நீங்களும் தாராளமாகக் கேளுங்கள், அடங்குவது என்றால் வாயை மூடிக்கொள்வது இல்லை. இன்னொன்று: பல வாரமாகத் தூக்கமே வராதவர்கள் ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வணக்கம்.