வெயிலில் கண் மங்கினால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமா?

[திரையில்: நண்பகல் மொட்டைமாடி, கொடியில் ஈரத்துணி]

காலையில் நன்றாக இருந்த பெண். பதினோரு மணிக்குத் துணி காயப்போட மாடிக்குப் போகிறார். இறங்கும்போது வலது கண்ணில் புகை படிந்த மாதிரி இருக்கிறது. கால் பின்னுகிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீர் குடிக்கிறார். அரைமணி நேரத்தில் பார்வை திரும்புகிறது, காலும் பழையபடி ஆகிறது. வீட்டில் கேட்கிறார்கள்: "இப்பதானே நடக்க முடியலைன்னு சொன்னே?"

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். என்னும் நரம்பு நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படி அவதிப்படுகிறார்கள். இது நடிப்பில்லை, சோம்பலும் இல்லை. 1890-லேயே வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இதைப் பதிவு செய்தார். எம்.எஸ். நோயாளிகள் சிலருக்கு, நடந்து களைத்ததும் பார்வை மங்குவதைக் கண்டார். உடற்பயிற்சிதான் காரணம் என்று நினைத்தார். உடம்பு சூடாவதுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே சிலருக்குப் போதும். காய்ச்சல் என்று நாம் கணக்கில்கூட எடுக்காத அளவு அது.

[திரையில்: வாய்க்கால், மதகு, கடைமடை வயல்]

ஏன் இப்படி? நரம்பிழையை ஒரு வாய்க்காலாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கரைதான் மயலின் என்னும் கொழுப்பு உறை. எம்.எஸ். நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே இந்தக் கரையை அங்கங்கே அரித்துவிடுகிறது. தண்ணீர் கசிகிறது. ஆனாலும் வரத்து போதுமானதாக இருந்தால் கடைமடைக்கு எப்படியோ எட்டிவிடும்.

இப்போது மதகு. நரம்பில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் நுண்ணிய வாயில்கள் உண்டு. சூடு ஏறினால் இவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடிக்கொள்கின்றன. ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் மின்னோட்டம் குறைகிறது. கரை நன்றாக இருப்பவர்களிடம் தேவைக்கு மேல் பல மடங்கு வரத்து இருப்பதால், அவர்களுக்கு இது தெரியாது. கரை உடைந்த இடத்திலோ செய்தி பாதியிலேயே நின்றுவிடும். கண் நரம்பில் நின்றால் பார்வை மங்கும், தண்டுவடத்தில் நின்றால் கால் தளரும்.

மதகு மூடியதே தவிர, கரை புதிதாக உடையவில்லை. நான் இந்த வீடியோ செய்வதே இதைச் சொல்லத்தான். வெயிலில் அறிகுறி கூடினால் நரம்பு மேலும் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. உடம்பு குளிர்ந்தால் செய்தி மறுபடி ஓடும்.

எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன், சந்தேகம் உள்ளவரை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து, அறிகுறி வருகிறதா என்று பார்த்தே நோயைக் கண்டறிய முயன்றார்கள். நினைத்தாலே மனம் கனக்கிறது. வீட்டில் யாரும் இல்லாதபோது சூடான தண்ணீரில் குளிக்க வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். கால் தளர்ந்தால் எழுந்து வர முடியாது.

சரி, எப்போது பயப்பட வேண்டும்? புதிய தொந்தரவு ஒன்று, உடம்பு குளிர்ந்த பிறகும் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது புதிய தாக்குதலாக இருக்கலாம். உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று, வெயிலே படாமல் வீட்டுக்குள் இருக்கும்போது பழைய அறிகுறிகள் கூடினால் காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர்த் தொற்று பல பேருக்கு எரிச்சல்கூட இல்லாமல் வரும். அதைக் கவனித்தால் காலும் தேறிவிடும்.

உடற்பயிற்சியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சூடு ஏறுகிறது என்று பயந்து படுத்தே இருந்தால் தசை வலுவிழக்கும், அந்த இழப்பு ஃபேன் காற்றில் திரும்பாது. முன்கூட்டியே சில்லென்ற தண்ணீர் குடியுங்கள், கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள், இடையிடையே உட்காருங்கள். ஐஸ் பை வைத்த குளிர் மேலங்கிகளும் உண்டு.

[திரையில்: விடியற்காலை, அதே மொட்டைமாடி]

அப்புறம் அந்தத் துணி. உடல் வெப்பம் விடியற்காலையில்தான் மிகக் குறைவு, பிற்பகலில் தானாகவே ஏறும். வெயில் ஏறுவதற்குள் ஆறு மணிக்கே காயப்போட்டுவிடலாம். கத்தரி வெயில் நாட்களில் வீட்டில் வேறு யாராவது மாடிக்குப் போகட்டும்.