குமிச்ச மலைக்கு அடியில என்ன இருக்கு?

வணக்கம் நேயர்களே. நெய்வேலிப் பக்கம் பஸ்ல போனவங்க அந்த மண்மலைங்களப் பாத்திருப்பீங்க. கரியோ தாதுவோ எடுக்கணும்னா மேல கெடக்குற மண்ணையும் பாறையையும் தோண்டி எங்கயாச்சும் கொட்டித்தானே ஆகணும், அந்தக் குமியலத்தான் நாங்க டம்ப்புன்னு சொல்லுவோம். அது நிக்குமா சரியுமான்னு பாக்குறதுதான் என் பொழப்பு.

போற எடத்துல எல்லாம் கேக்குற மொத கேள்வி, "எவ்வளவு ஒசரம் வரைக்கும் கொட்டலாம் சார்?" நான் திருப்பிக் கேப்பேன், கொட்டுறதுக்கு முன்னாடி அந்த எடத்துல என்ன இருந்துச்சு, ஓடையா, களிமண்ணா, ஊத்தா?

ஏன்னா டம்பர்ல இருந்து கொட்டுன கல்லு தானாவே சுமாரா 37 டிகிரி சாய்வுல போய் நின்னுக்கும். நிறுத்தி வைக்கிற பலத்த, கீழ இழுக்குற பலத்தால வகுத்தா வர்றதுதான் பாதுகாப்பு எண், அந்த மேல்முகத்துல அது கிட்டத்தட்ட 1தான், அதாவது நூலிழையில நிக்குது, ஆனா அங்க சரிஞ்சா நாலு கல்லு உருளும், அவ்வளவுதான். ஆள முழுங்குற சரிவு பெரும்பாலும் அடித்தரையில இருந்துதான் கெளம்பும். கல்லு இடுக்குல தண்ணி தேங்கி அழுத்தம் ஏறிடுச்சுன்னா உரசல் போயிரும், எடை அப்படியேதான் இருக்கும், ஆனா பிடி இருக்காது.

வேல்ஸ்ல அபர்ஃபேன்னு ஒரு சுரங்க ஊரு. 1958ல ஏழாம் நம்பர் கழிவுக்குமியல மலைச்சரிவுல ஆரம்பிச்சாங்க, அதுவும் ஊத்துக்கு மேலயே, அந்த ஊத்து வரைபடத்துலயே இருக்கு! 1963லயே ஒருதடவ சரிஞ்சுது, அப்பவும் நிறுத்தல. 1966 அக்டோபர் 21 காலையில வேலைக்குப் போனவங்க பாக்குறாங்க, குமியலோட உச்சி பத்தடி உள்ள எறங்கிக் கெடக்கு. 9.15 மணிவாக்குல மொத்தமும் கொழம்பா ஓடி வந்து கீழ இருந்த பள்ளிக்கூடத்து மேல விழுந்துச்சு. 144 பேர், அதுல 116 பேரு புள்ளைங்க. நிலக்கரி வாரியத் தலைவர் ராபன்ஸ் ஊத்து இருந்ததே தெரியாதுன்னாரு, விசாரணையில அந்தப் பேச்சு நிக்கல. குமியல்களுக்குன்னு தனிச் சட்டம் 1969லதான் வந்துச்சு, எனக்கு இன்னமும் வயிறு எரியுது.

இப்ப ராடார் இருக்கு, மில்லிமீட்டர் அசைஞ்சாலும் காட்டும், தண்ணி அழுத்தத்துக்கு பீசோமீட்டர் இருக்கு, கணக்குல பாதுகாப்பு எண் 1.5 வரைக்கும் கேப்போம். எல்லாம் சரி. ஆனா மழை விட்ட மறுநாள் நான் மொதல்ல நடந்துதான் பாப்பேன். உச்சி ஓரத்துல நீளவாட்டுல விரிசல் விட்டிருக்கா, அடிவாரத்துல தரை உப்பியிருக்கா, நேத்து காஞ்சு கெடந்த எடத்துல இன்னைக்கு ஈரம் கசியுதா. விரிசல் இருந்தா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி அடிச்சு, நடுவுல டேப்ப பிடிச்சு, தினமும் அதே நேரத்துல அளக்கணும். நேத்து 2 சென்டிமீட்டர் கூடுச்சு, இன்னைக்கு 5, அப்படி வேகம் ஏறிக்கிட்டே போச்சுன்னா கணக்குப் போட உக்காராதீங்க, கீழ நிக்குற ஆளையும் வண்டியையும் மொதல்ல வெளிய எடுங்க.

இன்னொன்னு, விரிசலப் பாத்த ஒடனே டோசர விட்டு மூடிடுறாங்க, தண்ணி எறங்கக் கூடாதுன்னு. மூடணும்தான், நான் வேணாங்கல. ஆனா அளந்து நோட்டுல எழுதிட்டு மூடுங்கப்பா.