பங்கு விற்பனைப் பட்டியல் வரி மென்பொருளில் ஒழுங்காக ஏறாவிட்டால்

அடுத்த கேள்வி புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. கிளிநொச்சியில் ஒரு சிறிய அலுவலகத்தில் இருந்துகொண்டு, அமெரிக்காவில் உள்ள கணக்காளர் ஒருவருக்காக வரிப் படிவங்கள் தயாரிக்கிறார். வாடிக்கையாளரின் பங்குத் தரகர் கொடுத்த சிஎஸ்வி பைலை (விற்பனைகளை நிரை நிரையாகத் தரும் எளிய அட்டவணை) வரி மென்பொருளுக்குள் இம்போர்ட் செய்தால், சில நிரைகளில் திகதி பிழை என்கிறதாம், சிலவற்றில் வாங்கிய விலை இல்லை என்கிறதாம். மொத்தமும் ஒத்து வரவில்லை. "சிவப்பாகக் காட்டும் இடங்களை நானே நிரப்பலாமா, இல்லாவிட்டால் மொத்தத் தொகையை மட்டும் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

நிரப்ப வேண்டாம், தங்கச்சி. முதலில் அந்தச் சிவப்பை விட்டுவிட்டு, பங்கு விற்பனைகளைக் காட்டித் தரகர் அனுப்பிய 1099-பி படிவத்தின் சுருக்கப் பக்கத்தை எடுங்கள். அமெரிக்க வரித் திணைக்களமான ஐஆர்எஸ் கையில் இருப்பது அந்தப் படிவத்தின் விவரம்தான். சிஎஸ்வி நம் வசதிக்காகத் தரப்படுவது. சுருக்கப் பக்கத்தில் குறுங்காலம், நீண்டகாலம் என்றும், வாங்கிய விலை ஐஆர்எஸுக்கு அறிவிக்கப்பட்டது, அறிவிக்கப்படாதது என்றும் பிரித்து மொத்தம் போட்டிருப்பார்கள். விற்ற பணம், வாங்கிய விலை இரண்டையும் பிரிவு பிரிவாக மென்பொருள் காட்டும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பிரிவு இடிக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும். தொகை சரியாக இரண்டு மடங்காக இருந்தால், ஒரே பைல் இரண்டு தடவை ஏறியிருக்கிறது. முதல் படிவம் பெப்ரவரி நடுவில் வரும், மார்ச்சில் திருத்திய படிவம் ஒன்று வருவதும் உண்டு. பழையதை அழிக்காமல் அதன்மேலே புதியதை ஏற்றினால் இப்படி ஆகும். ஒவ்வொரு நிரையாக அழித்துக்கொண்டிருக்காதீர்கள், முழுவதையும் நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள்.

இப்போது திகதி. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், நம் பக்கம் இருந்து இந்த வேலை செய்கிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். நம் கணினிகளில் பெரும்பாலும் நாள் முதலில், மாதம் பிறகு என்று அமைத்திருக்கும். அமெரிக்கப் பைலில் மாதம் முதலில். ஒரு பங்கு வாங்கிய திகதி 04/03/2023 என்று வைப்போம், அதாவது ஏப்ரல் 3. விற்றது 03/20/2024, மார்ச் 20. ஒரு வருடம் ஆகவில்லை, ஆகவே குறுங்கால ஆதாயம். இந்தப் பைலை நீங்கள் இரட்டைக் கிளிக் செய்து எக்செலில் திறந்தால், முதல் திகதியை அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவதில் இருபதாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். பிறகு மென்பொருள் கேட்கிற மாதிரி அந்த நிரல்களை மாதம் முதலில் வரும்படி மாற்றிச் சேமித்தால், முதல் திகதி 03/04/2023 ஆகிவிடும், இரண்டாவது அப்படியே இருக்கும். இப்போது பங்கை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தது போல ஆகிவிட்டது. நீண்டகால ஆதாயத்துக்கு வரி வீதம் 0, 15, 20 என்று குறைவு. குறுங்கால ஆதாயத்துக்குச் சம்பளத்துக்குப் போல 37 வீதம் வரை போகும். இவ்வளவு மாறியும் மென்பொருள் அந்த நிரையில் ஒரு பிழையும் காட்டாது. ஆகவே சிவப்பாக வந்த சில திகதிகளை மட்டும் கையால் திருத்தினால், சிவப்பாக வராமல் பிழையாகிப்போனவை உள்ளேயே கிடக்கும்.

திறந்து மாற்றிய பைலை எறிந்துவிட்டு, தரகரின் தளத்தில் இருந்து மறுபடி இறக்குங்கள். அதைத் திறக்காமலே மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். திறக்கத்தான் வேண்டும் என்றால், எக்செலில் டேட்டா பகுதிக்குள் போய், 'ஃப்ரொம் டெக்ஸ்ட்' வழியாக எடுத்து, திகதி நிரல்களுக்கு அமெரிக்க ஆங்கில முறையைக் கொடுங்கள். அதுவும் சிரமமாக இருந்தால், விண்டோஸின் பிராந்திய அமைப்பை அமெரிக்கா என்று மாற்றிவிட்டு அதன்பிறகு பைலைத் திறக்கலாம்.

அடுத்தது வாங்கிய விலை. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்கை விற்ற ஆதாயத்துக்கு 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, அதனால் வாங்கிய விலையைத் தேடும் பழக்கம் நமக்கு இல்லை. அமெரிக்காவில் கணக்கே அதில்தான் நிற்கிறது. அந்தக் கட்டத்தில் பூச்சியம் போட்டால் சிவப்பு மறைந்துவிடும், ஆனால் விற்ற பணம் முழுவதும் ஆதாயம் ஆகி, வாடிக்கையாளர் கட்டத் தேவையில்லாத வரியைக் கட்டுவார். 2011 ஜனவரி 1க்கு முன் வாங்கிய பங்குகளின் விலையைத் தரகர் ஐஆர்எஸுக்கு அறிவிக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் அவைதான் வெறுமையாக வரும். தரகரின் பழைய கூற்றுகளை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பங்கு பிரிந்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். 2010இல் வாங்கிய ஒரு ஆப்பிள் பங்கு, 2014இல் ஏழாகவும் 2020இல் அதில் ஒவ்வொன்றும் நான்காகவும் பிரிந்து இன்று 28 பங்கு. அன்று கொடுத்த விலையை 28ஆல் பிரித்தால்தான் ஒரு பங்கின் விலை. பெற்றோர் இறந்து வந்த பங்கு என்றால், பொதுவாக அவர்கள் இறந்த நாளின் சந்தை விலைதான் கணக்கு.

கொம்பனி ஊழியருக்குக் கொடுக்கும் ஆர்எஸ்யூ பங்குகள் இன்னொரு தலைவலி. பங்கு கைக்கு வந்த நாளிலேயே அதன் பெறுமதி, சம்பள விவரம் காட்டும் டபிள்யூ-2 படிவத்தில் சம்பளமாக ஏறி வரி கட்டியாகிவிட்டது. ஆனால் 1099-பியில் வாங்கிய விலை பூச்சியமாகவோ மிகக் குறைவாகவோ நிற்கும். அப்படியே விட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு தடவை வரி. சரியான விலை தரகர் தரும் துணைக் கூற்றில் இருக்கும். தரகர் ஐஆர்எஸுக்கு அறிவித்த விலை என்றால் அதை அழித்து எழுதாதீர்கள். விற்பனைகளை ஒவ்வொன்றாக எழுதும் 8949 படிவத்தில் பி என்ற குறியீட்டோடு வித்தியாசத்தைத் திருத்தமாகப் போடுங்கள். அறிவிக்காத விலை என்றால் சரியானதை நேரடியாக எழுதலாம்.

வொஷ் சேல், அதாவது நட்டத்துக்கு விற்ற அதே பங்கை முன்னே பின்னே 30 நாட்களுக்குள் வாங்கியது, அதற்கு டபிள்யூ குறியீடு. அப்படி வாங்கினால் அந்த நட்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள். இப்படி மறுக்கப்பட்ட தொகை அந்த நட்டத்தை மிஞ்ச முடியாது. மிஞ்சுகிறது என்று மென்பொருள் சொன்னால் நிரல் மாறி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, மொத்தத்தை மட்டும் போடலாமா? வாங்கிய விலை அறிவிக்கப்பட்டு, திருத்தம் எதுவும் இல்லாத பிரிவுகளின் மொத்தத்தை, ஆதாய நட்டத்தைத் தொகுத்துக் காட்டும் ஷெடியூல் டி படிவத்தில் நேரே போட விதி இடம் கொடுக்கிறது. மற்றவற்றுக்கு 8949இல் எம் குறியீட்டோடு மொத்தம் போடலாம், ஆனால் தரகரின் முழுக் கூற்றையும் பிடிஎஃப் ஆக இணைக்க வேண்டும். இணைக்க வசதி இல்லாவிட்டால், மின்வழிப் படிவத்தை ஐஆர்எஸ் ஏற்றுக்கொண்டு 3 வேலை நாட்களுக்குள் அந்தக் கூற்று 8453 என்ற முகப்புப் படிவத்தோடு தபாலில் போக வேண்டும். வரிப் படிவம் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 15, நமக்குச் சித்திரை வருடப் பிறப்புக் கொண்டாட்டத்தை ஒட்டிய நேரம். தபால் அங்கிருந்துதான் போக வேண்டும் என்பதால், மொத்தமாகப் போடுவது என்று முடிவெடுத்த அன்றே அந்தக் கணக்காளருக்கு எழுதிவிடுங்கள், தங்கச்சி.