ஒதுங்கி நிற்கும் இடம்

(எங்கள் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் எடுத்துவிட்டு எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் அறிமுகத்தில் ‘உலகம் சுற்றியவர்’ என்றார். அதெல்லாம் இல்லை. மகள் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில் நானும் என் மனைவியும் ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்தோம். ஜூன் மாதம் பதினெட்டு நாள் அதிலேயே குடியிருந்தோம். அவ்வளவுதான்.

போன இடம் அவுட்டர் ஹெப்ரிடீஸ். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையையும் தாண்டி, அட்லாண்டிக் கடலில் வடக்கு தெற்காகக் கிடக்கும் தீவு வரிசை. நீளம் சுமார் 210 கிலோமீட்டர். எல்லாத் தீவுகளிலும் சேர்த்து ஜனத்தொகை 26,000 பேர் போல. நம் பக்கத்தில் ஒரு பேரூராட்சிக்குள் அடங்கிவிடும். தெற்கே பாராவில் தொடங்கி வடக்கே லூயிஸ் வரை போவதாகத் திட்டம்.

வண்டி ஓட்டப் பயம் இல்லையா என்று எல்லோரும் கேட்டார்கள். அங்கேயும் இடதுபக்கம்தான். நம் இந்திய லைசென்சை வைத்து ஒரு வருடம் வரை ஓட்டலாம். பயப்பட வேண்டியது ரோட்டுக்கு அல்ல, காற்றுக்கு. வேன் என்பது பெட்டி மாதிரி உயரமான வண்டி. பக்கவாட்டில் காற்றடித்தால் ஆளைத் தள்ளுவதுபோலத் தள்ளும். உள்ளே இரண்டு அடுப்பு, ஒரு கட்டில், தண்ணீர்த் தொட்டி, பெட்டி போலக் கழற்றி எடுக்கிற கழிவறைத் தொட்டி. அந்தத் தொட்டியைக் குறிப்பிட்ட இடங்களில்தான் காலி செய்ய வேண்டும். அந்த வேலை யாருடையது என்று முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் பேசவில்லை. என் தலையில் விழுந்தது.

ஓபன் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் பாராவின் காசில்பே போய்ச்சேர ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வண்டிக் கட்டணம் நீளத்தை வைத்து. வாடகைக்குக் கொடுத்தவர்கள் சொன்ன நீளத்தை நம்பிப் பதிவு செய்திருந்தேன். பின்னால் தொங்கிய சைக்கிள் ஸ்டாண்டை அவர்களும் கணக்கில் சேர்க்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. துறைமுகத்தில் அளந்து பார்த்து வித்தியாசத்தை வாங்கிக்கொண்டார்கள். கப்பலில் இடம் இருந்ததே பெரிய விஷயம். கோடையில் மாதக்கணக்கில் முன்பே நிறைந்துவிடும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பாராவில் இறங்கியதும் கற்றுக்கொண்டது ஒதுங்குவது. அங்கே பெரும்பாலான சாலைகளில் ஒரு வண்டிக்குத்தான் அகலம். கொஞ்ச தூரத்துக்கு ஒரு இடத்தில் தார்ச்சாலை வயிறு தள்ளினாற்போல அகலமாகியிருக்கும், பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அதுதான் ஒதுங்கும் இடம். எதிரில் வண்டி வந்தால், யாருக்கு அது பக்கமோ அவர் ஒதுங்க வேண்டும். உங்கள் இடதுபுறம் இருந்தால் உள்ளே போய் நில்லுங்கள். வலதுபுறம் இருந்தால் தாண்டிப் போகக்கூடாது. சாலையிலேயே அதற்கு நேராக நின்றுகொண்டால் எதிரில் வருபவர் அதற்குள் புகுந்து உங்களைச் சுற்றிப் போவார். பின்னால் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்பதுதான் நம்மைப் போன்றவர்கள் மறக்கிற விதி. நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். பின்னால் வருபவர் தபால் கொடுக்கப் போகிறவராக இருக்கலாம், ஆடு பிரசவத்துக்குப் போகிற மருத்துவராக இருக்கலாம். கடந்து போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார்கள். அதுதான் நன்றி. மூன்றாவது நாள் என் விரலும் தானாக எழுந்துகொண்டது. ஊருக்கு வந்து நம் பைபாஸில் ஒருவருக்கு அப்படி விரலைத் தூக்கினேன், வண்டியை நிறுத்திவிட்டு என்ன சார் என்று கேட்டார்.

அந்தத் தீவில் விமானமும் ஒதுங்கித்தான் நிற்கிறது. பாராவுக்கு வழக்கமான விமான சேவை உண்டு, கிளாஸ்கோவிலிருந்து. இறங்குவது கடற்கரையில். சும்மா சொல்லவில்லை, ஓடுபாதையே ஈர மணல்தான், ஓரத்தில் அடையாளத்துக்குக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். கடல் ஏறினால் ஓடுபாதை தண்ணீருக்குள். அதனால் விமான நேரமே ஏற்றவற்றத்தைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. காற்றின் திசை காட்டும் காற்றுப்பை பறந்தால் ஆட்கள் மணலில் கால் வைக்கக்கூடாது. பறக்காத நேரத்தில் ஊர்க்காரர்கள் அதே மணலில் சிப்பி பொறுக்குகிறார்கள்.

பாராவிலிருந்து எரிஸ்கேக்கு நாற்பது நிமிடக் கப்பல். 1941இல் விஸ்கி ஏற்றிய ‘பொலிட்டீஷியன்’ என்ற கப்பல் தரைதட்டியது இந்தத் தீவுப் பக்கம்தான். தீவுக்காரர்கள் விஸ்கியை எப்படிக் ‘காப்பாற்றினார்கள்’ என்பது பெரிய கதை. அதைச் சொல்லத் தொடங்கினால் பறவைகளுக்கு நேரமிருக்காது. எரிஸ்கேயிலிருந்து வடக்கே பெர்னரே வரை கப்பலே வேண்டாம். கடலுக்குள் கல் கொட்டி எழுப்பிய கரைச்சாலைகள் தீவுகளைக் கோத்திருக்கின்றன. சவுத் யூஸ்டையும் பென்பெகுலாவையும் இணைக்க 1942இல் முதலில் பாலம்தான் வந்தது, பென்பெகுலாவிலிருந்து நார்த் யூஸ்டுக்குக் கரைச்சாலை 1960இல், சவுத் யூஸ்டிலிருந்து எரிஸ்கேக்கு 2001இல். இந்தக் கரைச்சாலைகளின் முகப்பில் ‘நீர்நாய் கடக்கும், கவனம்’ என்று பலகை இருக்கிறது.

சரி, இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். இந்தத் தீவுகளின் மேற்குக் கரை முழுக்க மக்கர் என்ற ஒருவகைப் புல்வெளி. காற்று பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிப்பித்தூள் மணலை அள்ளி வந்து கரையோரம் பரப்பியிருக்கிறது. உள்ளே போனால் கறுப்புக் கரிச்சேறு, புளித்த மண். கரையில் சுண்ணாம்புச் சத்துள்ள வெள்ளை மண். ஜூன் கடைசியில் அது பூக்கிற பூ இருக்கிறதே, கால் வைக்கக் கூசும். உலகில் ஸ்காட்லாந்தின் மேற்கிலும் தீவுகளிலும், அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் மட்டுமே இப்படிப்பட்ட நிலம் இருக்கிறது. மேலே நான்கு விரல் புல், அடியில் வெறும் மணல்.

அதில் வேனை ஏற்றினேன். சாலையோரம்தானே, இரண்டு சக்கரம்தானே என்று. காலையில் கிளப்பினால் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. தலைக்கு மேல் ஒரு ஆட்காட்டி விடாமல் கத்திக்கொண்டு சுற்றியது. நம் ஊர் ஆட்காட்டியின் சாதிதான், தலையில் கொண்டை மட்டும் கூடுதல். வேலையும் அதேதான்: ஆள் வந்ததைக் காட்டிக்கொடுப்பது. பக்கத்தில் குஞ்சு வைத்திருக்க வேண்டும். டிராக்டரில் ஒரு விவசாயி வந்தார். கயிறு கட்டி இழுத்துவிட்டார். திட்டவில்லை. இறங்கி வந்து சக்கரம் தோண்டிய பள்ளத்தில் புல் பத்தையைப் பூட்ஸ் காலால் பழைய இடத்தில் வைத்து மிதித்தார். “காற்று இந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டால் பெரிதாக்கிவிடும்” என்றார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

ஸ்காட்லாந்தில் 2003இல் ஒரு சட்டம் வந்தது. பொறுப்பாக நடந்துகொண்டால் யாருடைய நிலத்திலும் ஏறக்குறைய எங்கும் நடக்கலாம், கூடாரம் போட்டுத் தூங்கலாம். பலர் இதைக் கேள்விப்பட்டு வேனையும் நிறுத்தலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிடையாது. அந்த உரிமை காலுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் படகுக்கும்தான், எஞ்சினுக்கு இல்லை. தீவுக்காரர்களின் மனக்குறை அதோடு நிற்கவில்லை. கோடையில் கப்பல் தளத்தை வேன்கள் அடைத்துக்கொள்வதால் பெருநிலத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவருக்கு இடம் கிடைக்காமல் போகிறது. நானும் அந்தக் கப்பலில் ஒரு வண்டி இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். அன்று முதல் முகாமிடங்களில் மட்டும் தங்கினோம், பாலும் ரொட்டியும் முட்டையும் தீவுக் கடைகளில் மட்டும் வாங்கினோம்.

நார்த் யூஸ்டில் பால்ரனால்ட் என்ற பறவைக் காப்பகம். இரவு பதினொரு மணி, இன்னும் சாம்பல் வெளிச்சம் இருக்கிறது. வேலிக்கு அப்பால், மஞ்சள் ஐரிஸ் புதருக்குள்ளிருந்து ஒரு சத்தம். சீப்பின் பற்களை நகத்தால் வருடினால் வருமே, அது: க்ரெக்ஸ் க்ரெக்ஸ். நிறுத்தம். மறுபடி க்ரெக்ஸ் க்ரெக்ஸ். கார்ன்கிரேக் என்ற பறவை. நம் குளக்கரைக் கானாங்கோழியின் குடும்பம். அறிவியல் பெயரே க்ரெக்ஸ் க்ரெக்ஸ்தான். கூப்பிடுவதை வைத்தே பெயரிடுவது நம் வழக்கம் மட்டுமல்ல போலிருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வருகிறது. வந்து சேர்ந்தபிறகு புல்லைவிட்டுத் தலை காட்டாது. ஒரு காலத்தில் பிரிட்டன் முழுக்க இருந்த பறவை, இப்போது பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைப் பக்கத் தீவுகளில்தான்.

ஏன் போனது தெரியுமா? புல் வெட்டும் எந்திரம். வயலின் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வெட்டிக்கொண்டு போவார்கள். குஞ்சுகள் வெட்டவெளியில் ஓடாது. மிச்சமிருக்கும் புல்லுக்குள் ஒடுங்கும். கடைசிச் சுற்றில் எல்லாம் கத்திக்குள். இப்போது இங்கே விவசாயிகள் தாமதமாக வெட்டுகிறார்கள், நடுவில் தொடங்கி வெளியே வெட்டிக்கொண்டு வருகிறார்கள். ஓரத்துப் புல் வழியாகக் குஞ்சுகள் தப்பிவிடும். அதற்கு உதவித்தொகையும் உண்டு. எந்திரம் அதே எந்திரம், திசையைத்தான் மாற்றினார்கள். நான்கு இரவு அங்கே இருந்தோம். சத்தம் கேட்டது கேட்டதுதான், பறவையைப் பார்க்கவில்லை. நாலாம் இரவு தூக்கம் கெட்டு, “இது எப்போதுதான் வாயை மூடும்?” என்று என் மனைவி கேட்டாள்.

இதற்கு நேர்மாறான கதை சவுத் யூஸ்டில். 1974இல் தோட்டத்து நத்தையைத் தின்னட்டும் என்று யாரோ சில முள்ளெலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தீவில் நரி கிடையாது, கீரி கிடையாது. ஆயிரக்கணக்கில் பெருகி, தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளைத் தின்றன. 2003இல் கொல்ல ஆரம்பித்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு. 2007 முதல் கொல்வதை விட்டு, பிடித்துப் பெருநிலத்துக்குக் கப்பலில் அனுப்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்த அதிர்ஷ்டசாலிகள்.

ஹாரிஸ் தீவின் லஸ்கென்டைர் கடற்கரையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். படத்தில் இருப்பதுபோலத்தான் இருக்கிறது. கழுகு பார்க்க ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம், மழைதான் பார்த்தோம். வெண்வால் கடற்கழுகு மறுநாள் தானாக வந்தது. இறக்கையை விரித்தால் எட்டடி, பறக்கும் கதவு. 1918இல் பிரிட்டனில் கடைசி ஒன்றும் சுடப்பட்டு, 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து மறுபடி உண்டாக்கிய இனம். ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது என்று மேய்ப்பவர்கள் புலம்புகிறார்கள், அவர்கள் புலம்பலை நான் அலட்சியமாகச் சொல்லமாட்டேன்.

லூயிஸில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கிழமைதான், ஓய்வுநாள். ஸ்டோர்னவே துறைமுகத்துக்கு ஞாயிறு கப்பல் வந்ததே 2009இல். சனிக்கிழமையே பால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நமக்குச் சம்பந்தப்பட்டது. 1754இல் இந்த ஸ்டோர்னவேயில் பிறந்தவர்தான் காலின் மெக்கன்சி, இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். தென்னிந்திய ஊர்க்கதைகள், வம்சாவளிகள், கல்வெட்டுப் பிரதிகள் என்று அவர் திரட்டிய சுவடிகளில் ஒரு பெரும் பங்கு இன்று சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. 1783இல் கிளம்பி வந்தவர், 1821இல் வங்காளத்தில் இறக்கும் வரை ஊர் திரும்பவே இல்லை. அந்தத் துறைமுகத்தில் மீன்படகுகளுக்கு நடுவே சீல்கள் தலையை நீட்டி, யாராவது ஏதாவது போடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தன.

நீர்நாயைக் கடைசிக்கு வைத்தேன். ஹாரிஸின் கிழக்குப் பக்கம், கடல் உள்ளே புகுந்து நிற்கிற ஒரு காயல். மாலை, நீர் வற்றிக்கொண்டிருந்தது. ஒதுங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தக்கூடாது. அதனால் அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம். காற்று எங்கள் முகத்தில் அடிக்கிற பக்கமாகப் பாறைக்குக் கீழே உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. என் மனைவி முழங்கையால் இடித்தாள். கடற்பாசி என்று நான் பார்த்துக்கொண்டிருந்தது கடற்பாசி இல்லை. ஒரு நண்டை முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கடைவாயில் வைத்துக் கடித்தது. ஓடு நொறுங்குகிற சத்தம் இங்கே கேட்டது, முறுக்குக் கடிப்பதுபோல. தின்று முடித்ததும் கடலுக்குத் திரும்பவில்லை. கரையேறி, ஒரு சிறு ஓடை விழுகிற குழிக்குள் இறங்கிப் புரண்டது. உப்பு படிந்தால் அதன் ரோமம் குளிர் தாங்காது, அதனால் கடலில் வேட்டையாடும் நீர்நாய்க்கும் நன்னீர்க் குளியல் வேண்டும். பிறகு உதறிக்கொண்டு, எங்களுக்கு நாலு கெஜத்தில் நடந்து வந்தது. நின்றது. மூக்கைத் தூக்கியது. நாங்கள் மூச்சுவிடவில்லை. கொஞ்சம் வளைந்து, எங்களைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

வாடகை, கப்பல் பதிவு விவரம் வேண்டுகிறவர்கள் பிறகு வாருங்கள், எழுதித் தருகிறேன். டீ வந்துவிட்டது போலிருக்கிறது.