பெர்காஃப்: சிகாகோவின் அலுவலகத் தெருவில் ஒரு ஜெர்மன் பீர்க்கூடம்

[காட்சி: ஆடம்ஸ் தெரு, மதிய வேளை. உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ‘தி பெர்காஃப்’ என்ற செங்குத்தான பெயர்ப்பலகை.]

வணக்கம். சிகாகோ நகரின் வணிக மையமான லூப் பகுதியில் 1898ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெர்காஃப் என்னும் ஜெர்மன் பீர்க்கூடத்தைப் பற்றி இந்த வீடியோவில் விரிவாகப் பார்க்கலாம். மேற்கு ஆடம்ஸ் தெருவில் 17ஆம் எண் கட்டடம் இது. அந்நகரில் கிழக்கு, மேற்கு என்ற கதவு எண்கள் ஸ்டேட் தெருவிலிருந்துதான் தொடங்குகின்றன என்பதால், ஸ்டேட் தெரு முனையிலிருந்து மேற்கே சில அடிகள் நடந்தாலே போதும். ஆடம்ஸ்–வாபாஷ் ரயில் நிலையமும் அருகிலேயே உள்ளது.

உள்ளே நுழையுமுன் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கட்டடத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். 1871 அக்டோபரில் நிகழ்ந்த பெருந்தீயில் நகரின் மையப்பகுதி சாம்பலானது. அதற்கு அடுத்த ஆண்டே எழுந்த கட்டடம் இது. வார்ப்பிரும்பு முகப்புடன் லூப் பகுதியில் எஞ்சியிருக்கும் மிகச் சில கட்டடங்களில் ஒன்று என்பதால், பீர் அருந்தாதவர்களும் வந்து பார்க்க வேண்டிய இடம் இது என்பது என் கருத்து.

[காட்சி: பழைய சிகாகோவின் கறுப்பு வெள்ளைப் படங்கள்.]

சிகாகோவில் குடியேறிய ஜெர்மானியர்களுக்குப் பீர்க்கூடம் வெறும் குடிக்கும் இடமாக இருக்கவில்லை. வாரம் முழுவதும் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கூடிப் பேசும் பொதுவிடமாகவும் அது இருந்தது. 1855இல் மேயர் லீவை பூன் மதுக்கடை உரிமக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 300 டாலராக உயர்த்தி, ஞாயிறு விற்பனைத் தடையையும் கடுமையாக்கியபோது, ஜெர்மானியர்கள் தெருவில் இறங்கிப் போராடியதும், அது கலவரமாக மாறி உயிர்ப்பலி வாங்கியதும் அதனால்தான். அந்நகரின் பீர் வரலாற்றை உரிமச் சட்டங்களின் வரலாறாகவே படிக்க வேண்டும். பெர்காஃபும் அதற்கு விலக்கல்ல.

டார்ட்மண்ட் நகரிலிருந்து 1870இல் அமெரிக்கா வந்த ஹெர்மன் பெர்காஃப், தம் சகோதரர்களோடு சேர்ந்து இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேன் நகரில் 1887இல் பீர் வடிக்கத் தொடங்கினார். 1893இல் சிகாகோவில் நடந்த கொலம்பிய உலகக் கண்காட்சிக்கு வந்தவர்களிடம் அந்தப் பீர் நல்ல பெயர் எடுத்தது. ஆனால் நகரில் மொத்த விற்பனை செய்ய அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றும், ஒரே ஒரு சில்லறைக் கடைக்கான உரிமம்தான் கிடைத்தது என்றும் உணவகத்தின் வரலாறு கூறுகிறது. அந்த ஒரு கடைதான் இந்தக் கூடத்தின் தொடக்கம். அன்று ஐந்து சென்டுக்கு ஒரு கோப்பை பீர் வாங்கினால் சாண்ட்விச் இலவசமாகக் கிடைத்தது.

1920இல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்ததும் நிலைமை தலைகீழானது. அரை சதவீதத்துக்கும் குறைவான ஆல்கஹால் கொண்ட பானத்தையும், ‘பெர்கோ’ என்ற பெயரில் சோடாவையும் விற்றுக்கொண்டே, அதுவரை பீருக்குத் துணையாக இருந்த உணவை முதன்மையாக்கி, முழுமையான உணவகமாக மாறித்தான் பெர்காஃப் பிழைத்தது. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது சிகாகோ வழங்கிய மது உரிமங்களில் முதல் எண் இந்த உணவகத்துக்கே கிடைத்தது.

[காட்சி: ஓக் மரத்தில் செய்த நீண்ட பார் மேடை, வண்ணக் கண்ணாடிகள்.]

உள்ளே சாப்பாட்டுக் கூடமும் பாரும் தனித்தனியே இருப்பதைக் கவனியுங்கள். பார் நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1969இல் பெண்ணுரிமை இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள் உள்ளே வந்து தங்களுக்கும் மது பரிமாற வேண்டும் என்று கேட்டு அந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தனர். அந்த மேடையருகே நிற்கும்போது இதை நினைவில் கொள்ளாமல் போவது அப்பெண்களுக்குச் செய்யும் அநீதி.

உணவில், மெல்லியதாகத் தட்டிய இறைச்சியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கும் ஷ்னிட்செலும், மாட்டிறைச்சியை வினிகரிலும் மசாலாவிலும் நாள்கணக்கில் ஊறவைத்துச் சமைக்கும் சாவர்பிராட்டனும் பெயர்பெற்றவை. புளிப்பும் இனிப்பும் கலந்த சாவர்பிராட்டன் குழம்பை நம் நாக்கு எளிதில் ஏற்றுக்கொள்ளும். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஆர்டர் செய்யுமுன் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொள்வது நல்லது. க்ரீம் சேர்த்த பசலைக்கீரையைத் தவறாமல் வாங்குங்கள். மது அருந்தாதவர்களுக்கு உணவகத்தின் சொந்த ரூட் பீர் உண்டு. அதில் மது கிடையாது. பீர் கேட்பவர்களுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் அடையாள அட்டையை மறக்காதீர்கள். பகலில் அலுவலகக் கூட்டம் ஒரே நேரத்தில் வந்து குவியும். அந்த நேரத்துக்குச் சற்று முன்னதாகப் போவது வசதி.

குடும்பத்தின் அப்போதைய தலைமுறை ஓய்வுபெற்றதால் 2006 பிப்ரவரியில் உணவகம் மூடப்பட்டது. கடைசி நாள்களில் மக்கள் தெருவில் நீண்ட வரிசையில் காத்திருந்தார்கள். பின்னர் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை அதை மீண்டும் நடத்த முன்வந்தது. இத்தனைக்கும் காரணமான ஃபோர்ட் வேன் ஆலையோ 1954இலேயே ஃபால்ஸ்டாஃப் நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. அண்மை ஆண்டுகளில் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே ‘ஆடம்ஸ் ஸ்ட்ரீட் புரூவரி’ என்ற சிறிய ஆலையை அமைத்து, ஆடம்ஸ் தெருவிலேயே பீர் வடிக்கத் தொடங்கினார்கள்.