காய்த்துப்போன கைகளும் கடவுளின் ராஜ்யமும்

தலைமை ஏற்றிருக்கும் பேராயர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய குருவானவர் ஐயா அவர்களே, மூப்பர்களே, இந்தக் கூட்டத்துக்காக ஓடியாடி உழைத்த வாலிபர் சங்கத்தாரே, காலையிலிருந்து பாடிய பாடகர் குழுவினரே, தாய்மார்களே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். உடல்நலம் சரியில்லாத நிலையிலும் பேராயர் அவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன். அது உள்ளத்தில் தொடங்குவது, வாளால் காக்கப்படாதது, இனி முழுமையாய் வெளிப்படப்போவது.

ராஜ்யம் எப்போது வரும் என்று பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர் ஆண்டவர் இயேசுவைக் கேட்டார்கள். 'தேவனுடைய ராஜ்யம் பிரத்தியட்சமாய் வராது', அதாவது கண்ணுக்குத் தெரியும்படி வராது என்றார். உங்களுக்குள் இருக்கிறது என்றும் சொன்னார். லூக்கா 17-ஆம் அதிகாரம். நிறைகுடம் தளும்பாது என்பார்கள் பெரியவர்கள். அந்த ராஜ்யத்துக்கும் ஆரவாரம் கிடையாது. அது நீதி, சமாதானம், பரிசுத்த ஆவியினால் உண்டாகும் சந்தோஷம் என்று ரோமருக்கு எழுதினார் பவுல்.

ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் விசாரணைக்கு நின்றபோதும் 'என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல' என்றார் இயேசு. உரியதாயிருந்தால் ஊழியக்காரர் போராடியிருப்பார்கள் என்றார். அதற்குச் சற்று முன்புதான் சீஷர் பேதுருவின் பட்டயத்தை, அதாவது வாளை, உறையில் போடச் சொல்லியிருந்தார்.

இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். 2-ஆம் நூற்றாண்டில் எகேசிப்பு என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியதை, பிறகு எவுசேபியு என்ற பேராயர் தம் திருச்சபை வரலாற்றில் எடுத்து வைத்திருக்கிறார். ரோமாபுரியில் தொமித்தியன் பேரரசன். தாவீது யூதரின் பழைய ராஜா; அவர் வம்சத்தார் ஆட்சிக்கு உரிமை கேட்பார்களோ என்று அவனுக்குப் பயம். ஆண்டவரின் சகோதரர் யூதாவின் பேரன்மார் இருவரைப் பிடித்து வந்து நிறுத்தினார்கள். 'நீங்கள் தாவீதின் வம்சமா?' 'ஆம்.' 'சொத்து எவ்வளவு?' இருவருக்கும் சேர்த்து 9000 தெனாரியம் என்ற ரோம வெள்ளிக்காசு, ஆளுக்குப் பாதி என்றார்கள். அதுவும் ரொக்கமில்லை, 39 பிளெத்ரா (அக்காலக் கிரேக்க நில அளவு) நிலத்தின் மதிப்பு. அதில் தாங்களே பாடுபட்டு, வரியும் கட்டி, பிழைக்கிறோம் என்றார்கள். சொன்னதோடு நிற்கவில்லை, கைகளை நீட்டிக் காட்டினார்கள். காய்த்துப்போன கைகள்! அடுத்து, 'கிறிஸ்துவின் ராஜ்யம் எது, எங்கே, எப்போது?' என்று கேட்கிறான். அது பூமிக்குரியதல்ல, பரலோகத்துக்குரியது, உலக முடிவில் வெளிப்படும் என்றார்கள். இவர்களா தன் சிங்காசனத்தைப் பறிப்பார்கள் என்று அலட்சியமாய் விடுதலை செய்துவிட்டான். ராஜ வம்சத்தார் தங்கள் வம்சத்தைச் சொல்லி ஒரு சலுகை கேட்கவில்லையே! நிறைகுடம் தளும்பவில்லை.

அந்த இருவரும் இன்று நம் ஆராதனைக்கு வந்தால் எங்கே உட்கார வைப்போம்? பல வருடங்களாக நான் பேசிவரும் விஷயம் இதுதான். பெயர் எழுதி ஒதுக்கிய முன்வரிசை நாற்காலிகள் ஆலயத்தில் வேண்டாம். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தை உடுத்தவனுக்குப் பாதபடி என்று பிரிப்பதை யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் கடுமையாய்க் கண்டித்திருக்கிறார். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிற தாயார் கடைசித் தூணோரம் நிற்கிறார், நன்கொடைக்காரருக்கு மெத்தை போட்ட இருக்கை. இதைப் பார்த்துக்கொண்டே 'உம்முடைய ராஜ்யம் வருவதாக' என்று எப்படி ஜெபிக்கிறோம்? எனக்கு மனம் பதறுகிறது. முதியோருக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் இடம் விடுங்கள், மற்றபடி முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை, குருவானவர் ஐயா மணியைப் பார்க்கிறார்கள். மூப்பர்களே, அடுத்த கமிட்டியில் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் அந்தப் பெயர்ச் சீட்டுகளைக் கழற்றிவிடுங்கள்.